வாதமும் வாயுவும்

உப்புவெளிக் கரையிலே கரைவலை இழுக்கும் தொழிலாளியின் நெஞ்சு விரைந்து அடிக்கின்றது. நரம்பு முனைகளினின்றும் நோரதிரனலின் வெளிப்படுகின்றது. சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அதிரனலினைக் குருதியிற் கலக்கின்றன. இதயத்திலுள்ள பீற்றா வாங்கிகள் இவற்றை ஏற்றுத் துடிப்பை விரைவுபடுத்துகின்றன. குடலின் நாடிகளிலுள்ள அல்பா வாங்கிகளோ அந்நாடிகளை ஒடுக்குகின்றன. உழைக்கும் தசைகளில் மட்டும் நாடிகள் விரிகின்றன. விரைந்தோடும் குருதியின் உராய்வினால் நாடியின் உட்படைக் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவை ஆக்கி, நாடிச் சுவரை நெகிழச் செய்வதும் அதற்கொரு காரணமாகும்.

இவை தெளிவானதும், சித்தர் கூறிய வாதம் இவ்வாயுவே என்றும், பித்தம் அதிரனலினே என்றும் முழங்குவோர் தோன்றியுள்ளனர். இம்முழக்கம் சித்த மருத்துவத்துக்குப் பெருமை தருவதன்று; சிறுமையே தருவது. வாதம் உடலியக்கம் முழுவதையும் விளக்க எழுந்த தத்துவம். நைத்திரிக் ஒட்சைட்டோ சில கணங்களில் மறையும் ஒரு மூலக்கூறு. முயலின் பெருநாடித் துண்டில் உட்படையைச் சுரண்டி நீக்கினால், அசற்றைல்கோலின் அதனைத் தளர்த்தும் ஆற்றலை இழக்கின்றதென 1980இல் பேர்ச்கொட் காட்டினார். அச்சோதனை வழியே பிறந்த ஆய்வுக்கு 1998இல் நோபெல் பரிசு கிடைத்தது. விடை வெளிவந்த பின்னர் அதற்குப் பழம்பெயர் சூட்டுவது ஆராய்ச்சியாகுமா? சொல்லொற்றுமை சான்றாகாது.

ஆயின், நாட்டு மருத்துவம் முழுவதையும் குப்பையிலெறிக என்போரும் வழுவினரே. சர்ப்பகந்தி வேரின் வரலாறு அவர்களுக்கு விடையிறுக்கும். அது குருதியமுக்கத்தைத் தணிப்பதை 1931இல் சென், போஸ் என்னும் மருத்துவ அறிஞர் இருவர் எழுதினர். பம்பாயில் ருஸ்தம் வக்கீல் நோயாளரிடம் அதனைச் சோதித்து, 1949இல் பிரித்தானிய இதயவியற் சஞ்சிகையில் முடிவுகளை வெளியிட்டார். 1952இல் அவ்வேரினின்றும் றிசேர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு முனைகளின் நோரதிரனலின் சேமிப்பை அது வறிதாக்குகின்றது. ஆதலின் வாங்கிகளைத் தூண்டுவது குறைகின்றது. அதனை உண்டோருட் சிலர் உளச்சோர்வுற்றமையும் பின்னர் அறியப்பட்டது. நன்மையையும் தீமையையும் ஒருங்கே காட்டியது அளவீடே, ஆரவாரமன்று.

உப்புவெளிக்கு வடக்கே, கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்திற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. அங்கு கற்கும் இளைஞர்க்கு வேண்டுவது மேடைப் புகழுரையன்று. ஒரு கையில் மூலிகையும் மறுகையிற் குருதியமுக்கமானியும் ஏந்தும் துணிவே வேண்டும். சோதனையிற் பிழைப்பது நிலைக்கட்டும், பிழையாதது வீழட்டும். வீழ்வதற்கு அஞ்சுவோர் தம் மரபினை உண்மையில் நம்பாதவரேயாவர்.