வாசலுக்கு வந்த பிரசாதம்

எங்கள் அடுக்ககத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் அன்றைக்கு முதல் ஐட்டம், லட்டு. செயலாளர் முந்தின நாள்தான் திருப்பதியிலிருந்து திரும்பியிருந்தார். 'பதினாலு மணி நேரம் கியூ சார். சந்நிதியில ரெண்டு செகண்ட் நிக்க விடலை. ஆனா அது போதும், ஜென்ம சாபல்யம்!' என்றபடி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டோம்.

இரண்டாவது ஐட்டம், வாசல் வேப்பமரம். அதை வெட்டிவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரேதான். காரின் மேல் சருகு விழுகிறது, பூ விழுகிறது, காக்கா எச்சமிடுகிறது. 'ஒரே குப்பை சார்!'

மொத்தம் பதினாறு வீடுகள். மரத்துக்காக உயர்ந்த கைகள் இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று மூன்றாம் மாடிக் கறுப்புச் சட்டைக்காரருடையது. சாமியே கிடையாது என்பவர். லட்டை 'ஸ்வீட் நல்லாருக்கு' என்று சாப்பிட்டவர். பக்தர்கள் பதினாலு பேரும் ஒரே குரலில் வெட்டச் சொன்னார்கள். தை மாதத்தில் ஒருநாள், அரை நாள் வேலையில் மரம் போயிற்று.

சித்திரை முதல் தேதிக்கு முந்தின நாள் மாலை, தெருமுனை டிபார்ட்மென்ட் ஸ்டோரில் செயலாளரைப் பார்த்தேன். புது வருஷப் பச்சடிக்கு வேப்பம்பூ பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார். காய்ந்து கறுத்த பூ. போன வருஷம்வரை அவர் கார் மேலேயே தேன் வாசனையோடு ஓசியில் கொட்டிய அதே சரக்கு.

சிரிப்பு வரவில்லை எனக்கு. கோபம்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

நம் பக்தி ரொம்ப விசித்திரமானது. பதினாலு மணி நேரம் கால் கடுக்க நிற்கிறோம். தீபாராதனை காட்டும்போது சரியாகக் கண்ணை மூடிக்கொள்கிறோம். பார்க்கப் போனவர் எதிரே நிற்க, நாம் உள்ளே மனு வாசித்துக்கொண்டிருக்கிறோம்: பிள்ளைக்கு சீட், பெண்ணுக்கு வரன், எனக்கு பிரமோஷன். அவர் கேட்காமலே அனுப்பியது தினம் வாசலில் வந்து விழுகிறது. அதைத்தான் குப்பை என்கிறோம்.

அதிகாலையில் வாட்ஸப்பில் சூரியோதயப் படம் அனுப்பி 'இறைவன் அருளால் இனிய காலை' என்கிற நண்பர்களே, உங்கள் ஜன்னல் திரையை எப்போதாவது விலக்கிப் பார்த்ததுண்டா? அசல் அங்கேதான் உதித்துக்கொண்டிருக்கிறது.

நம் முன்னோர்கள் விவரமானவர்கள். சும்மா சொன்னால் நாம் மரத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டோம் என்று தெரிந்து, கோயிலுக்கொரு மரத்தைக் கட்டிவைத்தார்கள். மயிலாப்பூர் கபாலீஸ்வரருக்குப் புன்னை. திருவொற்றியூரில் மகிழம். காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா. சிதம்பரத்துக்குத் தில்லை என்கிற பெயர் வந்ததே தில்லை மரத்தால்தான். இன்றைக்கு அந்த மரங்களைத் தோப்பாகப் பார்க்க வேண்டுமானால், சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குத்தான் போக வேண்டும். ஊருக்குப் பேர் தந்த மரத்தையே ஊருக்கு வெளியே தேடும் நமக்கு, வாசல் வேம்பு எம்மாத்திரம்!

'வயித்துப்பாட்டுக்கே நேரமில்லை, இதுல பூவை எங்கே சார் ரசிக்கிறது?' என்று கேட்பீர்கள். அந்த வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவருக்கு உங்களையும் என்னையும்விட வேலை அதிகம். காலை ஏழு மணிக்குக் கரி மூட்டினால் ராத்திரி எட்டு வரைக்கும் நின்றபடி தேய்ப்பார். பங்குனியில் ஒருநாள் சட்டை வாங்கப் போன என்னை, 'பார்த்து வாங்க சார், பூ உதிர்ந்து கிடக்கு' என்று ஓரமாக நடக்கச் சொன்னார். மிதிக்கக் கூடாதாம். அவர் கோயிலுக்குப் போவாரா என்று தெரியாது. நான் பார்த்த நல்ல பக்தர் அவர்தான். இப்போது தார்ப்பாய் கட்டிக்கொண்டு வெயிலில் வேகிறார். எங்கள் கார்களுக்கு மட்டும் தகரக் கூரை போட்டாயிற்று. வீட்டுக்கு இவ்வளவு என்று அதற்கு வசூலும் ஆயிற்று.

அழகை ரசிப்பது பொழுதுபோக்கு என்று நினைக்கிறோமே, அதுதான் தப்பு. கண்ணில் படாததை வெட்டும்போது யாருக்கும் வலிக்காது. தினம் ஒரு நிமிஷம் அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால், பதினாலு பேரில் ஏழு பேராவது கையைக் கீழேயே வைத்திருப்பார்கள்.

கொடுத்ததை வாங்கிக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், அடுத்த மனுவை நீட்டுவது ஆபீஸில்கூட மரியாதை இல்லை. கடவுளிடம் மட்டும் செல்லுமா?

நாளைக் காலை வண்டியை எடுக்குமுன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். உங்கள் வாசலில் நிற்பது என்ன மரம் என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அதற்காகக் கை தூக்க ஒரு ஆள் வேண்டும். எல்லா அடுக்ககத்திலும் மூன்றாம் மாடியில் ஒரு நாத்திகர் இருப்பார் என்று நம்பியிருக்க முடியாது.