சாலையும் சபையும்

இராமலிங்க அடிகள் நிறுவிய வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு வண்ணத் திரைகளை விலக்கி ஜோதி காட்டுவது வழக்கம். இந்த வாரம் அனுமந்தை சுங்கச்சாவடியைக் கடந்து தெற்கே போன வேன்களின் பதாகைகளிலும் அந்த ஜோதிதான். ஒரு பக்கம் கருங்குழியில் தண்ணீரில் எரிந்த விளக்கு, மறுபக்கம் மேட்டுக்குப்பத்தில் பூட்டிய அறை. அவர் சோறிட மூட்டிய அடுப்பு எதிலும் இல்லை. அற்புதத்தை மட்டும் அச்சடிக்கும் பதாகைகள் மீது இப்பத்திக்குள்ள பழைய கோபம் வாசகர் அறிந்ததே.

இராமலிங்க அடிகள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட, சென்னையில் அண்ணன் சபாபதியின் ஆதரவில் வளர்ந்தார். 1858-இல் சென்னையை விட்டுப் புறப்பட்டுக் கருங்குழியில் தங்கினார். 1866-இல் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம். மறு ஆண்டு மே 23 அன்று, வடலூரில் பார்வதிபுரத்தார் கொடுத்த நிலத்தில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். ஞான சபை வழிபாடு தொடங்கியது 1872 ஜனவரி 25-இல்தான். முதலில் சோறு, ஐந்தாண்டு கழித்தே ஜோதி. பதாகைக்காரர்கள் இந்த வரிசையையாவது கவனித்திருக்கலாம்.

அவருடைய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ பாட்டுகளின் புகழில் மறைந்துபோன உரைநடை நூல். பசி உடம்பில் என்ன செய்கிறது என்பதை உறுப்பு உறுப்பாக அதில் எழுதுகிறார்: கண் குழிவது, காது அடைப்பது, நாக்கு வறள்வது, கைகால் துவள்வது, வயிறு எரிவது. பட்டினி கிடப்பவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எழுத்து அது. மழை மாதங்களில் பாத்திகள் நீரில் மூழ்கிக் கூலி நின்றுபோகும் மரக்காணம் உப்பளத்து வீடுகளில் அந்தப் பக்கங்களுக்குப் பொழிப்புரை தேவைப்படாது. பசித்தவர் எந்தத் தேசம், என்ன சாதி, எந்தச் சமயம் என்று விசாரிக்கக் கூடாது என்பது அந்நூலின் கண்டிப்பு.

சபை வாசலில் சட்டம் வேறு. கொலையும் புலாலும் தவிர்த்தவர் மட்டுமே உள்ளே போகலாம், மற்றவர் வெளியே நின்று வழிபட வேண்டும். புலால் உண்பவரைப் புற இனத்தார் என்றே அவருடைய அருட்பா பாடுகிறது. அதே மூச்சில் அவர்கள் பசியையும் தீர்க்கச் சொல்கிறது. மீன் பிடித்துப் பிழைக்கும் இந்தக் கரையில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் புற இனத்தாரே. வலை இழுப்பவருக்குச் சபைக்குள் இடமில்லை, சாலையில் இலை உண்டு. இதில் உறுத்தல் இல்லையென்று சொல்ல முடியாது. கடலை நம்பியவனுக்கு மீனை விடு என்பது தொழிலையே விடு என்பதாகும். ஆனாலும் தம் கொள்கையை ஏற்காதவனுக்கும் சோற்றை நிறுத்தாத துறவி என்ற வகையில் அடிகள் தனித்தே நிற்கிறார். சேர்ந்தவர்க்கு மட்டும் பந்தி வைக்கும் மடங்களை இந்த நாடு நிறையவே பார்த்திருக்கிறது.

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாக அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். நான்கு ஆண்டுக்குப் பின் வெளிவந்த கார்ஸ்டினின் தென்னாற்காடு மாவட்டக் கையேட்டிலும் அச்செய்தி இடம்பெற்றது. இடையில், 1876-இல், தாது வருடப் பஞ்சம் மாகாணத்தைப் பிடித்தது. சாலை அடுப்பு மூட்டி அப்போது ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது.