வீட்டுவேலைக்கு வீடு வேண்டும்

பாடசாலையால் வந்த பிள்ளை கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு விழிக்கின்றது. தாய்க்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. தகப்பன் கூலிக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. தறப்பாளுக்குள் இருட்டிவிட்டது. மறுநாட் காலை பிள்ளை வயிற்றுக்குத்து என்று படுத்துக்கொள்கின்றது. இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களில் இதைக் காணாதவர் குறைவு. குத்து வயிற்றில் இல்லை, வெறுமையாய்க் கிடக்கும் கொப்பியில்தான் என்பது பெற்றோருக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த நாளும் வீட்டுவேலை கொடுக்கப்படுகின்றது.

எமது மொழியில் கூட்டுவதும் தண்ணீர் அள்ளுவதும் வீட்டுவேலைதான். பாடசாலை கொடுத்துவிடுவதும் வீட்டுவேலைதான். தோட்டக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் காத்திருக்கின்றன. எதை முதலில் செய்வது என்று அதனிடம் எவரும் கேட்பதில்லை.

பாடசாலைகள் ஏன் இதைக் கொடுக்கின்றன? ஆசிரியர்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். பாடசாலை காலை 7.30 இலிருந்து பிற்பகல் 1.30 வரை. ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் ஒரு பிள்ளைக்குத் தனியாகக் கிடைப்பது ஒரு நிமிடம். புதிய கணக்கைக் காட்டிக்கொடுக்க அந்த நேரம் போதும்; பழக்கிக்கொள்ளப் போதாது. பழகாத பாடம் மறந்துபோகும். ஜேர்மனியைச் சேர்ந்த எபிங்கவுஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கின்றார் என்பதை அளந்து 1885 இல் நூலாக வெளியிட்டார். படித்த சில மணித்தியாலங்களிலேயே பெரும்பகுதி மறந்துவிடுகின்றது என்பதும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கின்றது என்பதும் அவர் கண்டவை. எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெங்காயத்துக்குப் பத்து நாள் தண்ணீரை ஒரே நாளில் விட்டால் அழுகிப்போகும். முறை வைத்து இறைத்தால்தான் பயிர் பிடிக்கும். இந்த முறை இறைப்பைத்தான் வீட்டுவேலை செய்ய வேண்டும். நோக்கம் நல்லதே.

ஆனால் நடப்பது பல இடங்களில் வேறு. பாடத்திட்டம் முடியாத குறையை வீட்டுக்கு அனுப்புவதும், பலகையில் எழுதியதைப் பத்துத் தரம் பார்த்தெழுதச் சொல்வதும் வீட்டுவேலையாகிவிட்டன. இதில் பெற்றோருக்கும் பங்குண்டு. வீட்டுவேலை கொடுக்காத ரீச்சர் படிப்பிக்காத ரீச்சர் என்று கிணற்றடியில் பேசுவது நாங்கள்தானே!

சரி, கொடுப்பதால் பயன் உண்டா? அமெரிக்காவில் ஹரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1987 முதல் 2003 வரை அந்நாட்டில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2006 இல் வெளியிட்டனர். மேல் வகுப்புகளில் வீட்டுவேலை செய்பவர்கள் ஓரளவு கூடுதலான புள்ளி பெறுகின்றனர். ஆரம்ப வகுப்புகளில் அந்தத் தொடர்பு மிகவும் பலவீனமாக இருந்தது. அதாவது நாங்கள் ஆகக் கூடுதலாகக் கண்ணீர் சிந்தவைக்கும் வயதில்தான் ஆகக் குறைந்த பயன். வகுப்புக்குப் பத்து நிமிடம், மூன்றாம் வகுப்பென்றால் அரை மணித்தியாலம் என்று ஒரு கணக்கு அங்குள்ள ஆசிரியர்களிடம் உண்டு. எங்கள் ஐந்தாந் தரப் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்காக எத்தனை மணித்தியாலம் குனிந்திருக்கிறார்கள் என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2012 இல் பல நாடுகளின் 15 வயது மாணவரிடையே பீசா என்ற சோதனை நடந்தது. இலங்கை அதில் பங்குபற்றவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் வாரத்துக்குச் சராசரியாக 5.7 மணித்தியாலமும், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் 4.1 மணித்தியாலமும் வீட்டுவேலைக்குச் செலவிட்டதாக அதில் தெரியவந்தது. மேசையும் வெளிச்சமும் படித்த தாயும் உள்ள வீட்டுக்கு வீட்டுவேலை ஏணி. அவை இல்லாத வீட்டுக்கு அது இன்னொரு வேலி. முறையாகத் தண்ணீர் இறைக்கச் சொல்வது சரிதான். கிணறு இல்லாதவன் எங்கே போவான்?

நானும் இதில் குற்றமற்றவன் அல்ல. 1997 இல், இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்காகப் பிற்பகலில் நடந்த ஒரு பாடசாலையில் நான்காம் ஆண்டுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் ஊர்ப் பிள்ளைகள், மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள். பாடவேளைகள் குறுகிவிட்டதால் வீட்டுவேலையைக் கூட்டிக் கொடுத்தோம். ஒரு சிறுமி மூன்று நாட்களாகக் கணக்குச் செய்துவரவில்லை. மூன்று நாளும் வாசலில் நிற்கவைத்தேன். நான்காம் நாள் அவள் இருந்த இடத்துக்குப் போனேன். ஒரு கொட்டிலின் பத்திக்குள் ஏழு பேர். ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் விளக்கு ஒன்று. இராச் சமையலும், கைக்குழந்தையைப் பார்ப்பதும் அந்த வெளிச்சத்தில்தான். பிள்ளை என்னைக் கண்டதும் வெளியே கூட்டிக்கொண்டுபோய் நிலத்தைக் காட்டினாள். ஈர்க்கினால் மண்ணில் கணக்குகள் எழுதியிருந்தன. எல்லாம் சரி. கொப்பியில் நான்கு தாள்தான் மிச்சம், அதைச் சோதனைக்கு வைத்திருக்கிறேன் என்றாள். அவளை நிற்கவைத்த வாசல் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கின்றது.

அது யுத்த காலத்து நிலைமை என்று சொல்லலாம். 2020 இல் நோய்த்தொற்றால் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தபோது, சிக்னல் தேடி மரத்திலும் மலையிலும் ஏறிய பிள்ளைகளைத் தென்னிலங்கைப் பத்திரிகைகளும் காட்டின. 2022 பங்குனி முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. கொப்பி விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறியது. எங்கள் பிள்ளைகள் முன்னரே அறிந்திருந்ததை முழுநாடும் அப்போது அறிந்துகொண்டது.

வீட்டுவேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதாகவும், பகல் வெளிச்சத்துக்குள் முடியக்கூடியதாகவும், காசு கேட்காததாகவும் இருக்கட்டும். முக்கியமாக, கொடுத்ததை ஆசிரியர் பார்க்க வேண்டும். 40 கொப்பியை இரண்டு நிமிடப்படி பார்த்தால் 80 நிமிடம், இரண்டு பாடவேளை போய்விடும் என்பது உண்மை. அப்படியானால் பத்துக் கணக்குக் கொடாமல் இரண்டு கொடுங்கள். பார்க்கப்படாத வீட்டுவேலை, விதைத்தவன் திரும்பிப் பாராத வயல். செய்துவராத பிள்ளையை அடிப்பது பற்றிச் சொல்லவே தேவையில்லை. உடற்றண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. ஏன் செய்யவில்லை என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்க ஒரு நிமிடம் போதும்.

பெற்றோருக்கு: எழுத்து வராது என்று வெட்கப்பட்டு ஆசிரியரைக் காணாமல் ஒளிக்க வேண்டாம். வீட்டில் வெளிச்சம் இல்லை, இந்த மாதம் வெங்காயக் கிளப்பு, பிள்ளை எங்களோடு நிற்கும் என்று நேரே சொல்லுங்கள். கொட்டில்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் ஒரு பாய், ஒரு நல்ல விளக்கு, சாதாரண தரம் படிக்கும் ஒரு பெரிய பிள்ளை, இவ்வளவும் சேர்ந்தால் பத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணித்தியாலம் இடம் கிடைக்கும். எண்ணெய்ச் செலவைப் பத்து வீடும் பங்கிட்டால் பாரமில்லை.

எழுத்தறியாத பேரனிடமும் பேர்த்தியிடமும்கூட வீட்டுவேலைக்கு வேண்டிய அறிவு இருக்கின்றது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளிக்கிட்ட குடும்பங்களில் சில இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. அங்கு பிறவாத மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் இன்று பாடசாலை போகின்றார்கள். உறுதிகள் பல ஓட்டத்தில் தொலைந்துவிட்டன. காணியின் பெயர், பரப்பு, நாற்புறத்து எல்லை ஆகியவை கிழவர்களின் வாயில்தான் இருக்கின்றன. தோட்டக் காணியென்றால் 16 பரப்பு ஓர் ஏக்கர், வயலென்றால் 24 பரப்பு. இதைவிட நல்ல கணக்கு எந்தப் புத்தகத்தில் உண்டு?

எனக்குத் தெரிந்த ஓர் இளம் ஆசிரியை ஐந்தாந் தரத்துக்கு இதையே வீட்டுவேலையாகக் கொடுத்தார். ஒரு பையனின் கொப்பியை எனக்குக் காட்டினார். ஆறு பரப்பு என்று எழுதி அதை ஏக்கருக்கும் மாற்றியிருந்தான். கிழக்கு ஒழுங்கை, வடக்குப் பெரியப்பா காணி, தெற்குப் பனங்கூடல். மேற்கு எல்லைக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. அம்மம்மா யோசித்துச் சொல்லுவாவாம், நாளைக்கு எழுதுவேன் என்று பென்சிலால் குறித்திருந்தான். ஆசிரியை அதற்கும் சரி போட்டிருந்தார்.