இலவச மருந்துக்கு யார் தகுதி? 'வெளியில் வாங்குங்கள்' என்ற துண்டுக்குப் பிறகு...

அரச வைத்தியசாலையில் மருந்து பெற இந்நாட்டில் வருமானச் சான்றிதழ் தேவையில்லை. கிராம உத்தியோகத்தரின் கடிதமும் தேவையில்லை. 1971இல் வெளிநோயாளர்களிடம் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். 1977இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். கிளினிக் கொப்பியோடு வரிசையில் நின்றால் போதும்.

கொள்கை இதுதான். ஆனால் மாதாந்தக் கிளினிக்குக்குப் போகும் நீரிழிவு நோயாளி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். நான்கு மருந்தில் இரண்டு உள்ளே கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் ஒரு துண்டு தருவார்கள்: 'வெளியில் வாங்குங்கள்.' தகுதி என்ற கேள்வி அங்கேதான் திரும்ப வருகிறது. காசுள்ளவர் வாங்குகிறார். எனக்குத் தெரிந்த ஒரு மேசன் பதினைந்து நாளைக்கு மட்டும் வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குகிறார்.

வெளியில் விலை என்ன? 2022 மார்ச்சில் 29 சதவீத உயர்வு, ஏப்ரல் இறுதியில் 60 வகை மருந்துகளுக்கு மேலும் 40 சதவீதம். இரண்டுக்கும் உட்பட்ட மருந்தொன்றின் உச்ச விலை 100 ரூபாவிலிருந்து 180ஐத் தாண்டியது. 2023 ஜூனில் 16 சதவீதம் குறைத்த பின்னரும் அது 150க்குக் கீழே வரவில்லை. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அஸ்வெசும இருக்கிறதே என்பார்கள். சொத்து, வீடு, வருமானம் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். வீட்டில் நாட்பட்ட நோயாளி உண்டா என்றும் பார்க்கிறார்கள். சிறுநீரக நோயாளிகளுக்குத் தனிக் கொடுப்பனவும் உண்டு. ஆனால் கிடைப்பது காசு, மருந்தல்ல. ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், நல்ல விடயம். எனினும் அது பெரும்பாலும் சத்திரசிகிச்சை போன்ற பெருஞ்செலவுகளுக்கானது. மாதாமாதம் வரும் மாத்திரைச் செலவுக்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் இலவச மருந்தை அஸ்வெசும பட்டியலோடு மட்டுப்படுத்தலாமே என்ற யோசனை சிலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டியலில் பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்யலாம். இரத்த அழுத்தம் அதுவரை காத்திருக்காது.

தகுதியை ஆளில் தேடாமல் துண்டில் வைக்கலாம் என்பதே என் கருத்து. அரச வைத்தியசாலை தன்னால் கொடுக்க முடியாத மருந்துக்கு எழுதும் துண்டை, கிளினிக் இலக்கத்தோடு ஒசுசலவில் கொடுத்தால் இலவசமாகவோ சலுகை விலையிலோ மருந்து கிடைக்க வேண்டும். சேனக பிபிலே வகுத்த கொள்கையில் 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் இருப்பதே இதற்காகத்தானே? செலவு அதிகமென்றால் நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா மூன்றிலும் தொடங்கலாம். எல்லா ஊரிலும் ஒசுசல இல்லை. அங்கே தெரிவுசெய்த தனியார் மருந்தகங்களைச் சேர்க்கலாம்.

எமது ஊர்களில் இப்போது இந்த இடைவெளியைப் பள்ளிவாசலும் ஸகாத் நிதியும் நிரப்புகின்றன. அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் நிர்வாகத்தின் முன் தன் நோயை விபரித்து நிற்பது ஒரு நோயாளிக்கு இலகுவானதல்ல. கேட்கக் கூச்சப்படுபவர் வருவதேயில்லை.

ஒரு மாதத்தில் எத்தனை துண்டுகள் வெளியே எழுதப்படுகின்றன, எந்த மருந்துகளுக்கு? வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் இருக்கும் எம்மவர்கள் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கட்டும்.