நாள் குறித்த பிரசவம்

கலியாணத்துக்கு நாள் பார்க்கிறோம். கிருகப் பிரவேசத்துக்கும் பார்க்கிறோம். பிரசவம் மட்டும் நம் கையில் இல்லை என்றே பாட்டிமார்கள் நினைத்திருந்தார்கள். இக்காலத்திலோ, "வியாழக்கிழமை காலையில் வந்து சேர்ந்துவிடுங்கள், மருந்து கொடுத்து வலியை வரவழைப்போம்" என்று டாக்டரம்மாவே சொல்லிவிடுகிறார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் பஞ்சாங்கத்தைப் பிரிக்கிறாள். வியாழன் அஷ்டமியாம்! வெள்ளிக்கிழமை போனால் ஆகாதா என்று தர்க்கம் கிளம்புகிறது. பிரசவிக்கப் போகிறவளோ மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

சகோதரிகளே, விசாரிக்க வேண்டியது திதியை அன்று, காரணத்தை. 41 வாரம் பூர்த்தியாகியும் வலி காணாதிருக்கலாம், ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், நீரிழிவு இருக்கலாம், நீர்க்குடம் உடைந்தும் வலி எடுக்காதிருக்கலாம். இவற்றில் எது தமக்கு என்பதைக் கர்ப்பிணியே டாக்டரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய நிலையில் நட்சத்திரத்துக்காக ஒரு நாள் தள்ளுவது விளையாட்டல்ல. நல்ல ஜாதகம் வேண்டுமென்று, காரணமின்றி 39 வாரத்துக்கு முன் அவசரப்படுத்துவதும் தவறே. சிசுவின் சுவாசப்பை பக்குவமடையாமல் மூச்சுக்குத் திணற நேரிடும்.

மருந்து ஏறிய ஒரு மணியில் குழந்தை வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. முதலில் கர்ப்பப்பையின் வாய் இளக வேண்டும். அதற்கு ஒருவகைப் பசையோ மாத்திரையோ வைப்பார்கள்; அல்லது நுனியில் சிறு பலூன் உள்ள ரப்பர்க் குழாயைச் செலுத்தி, பலூனில் நீர் நிரப்புவார்கள். அப்புறம்தான் நரம்பு வழியே ஆக்ஸிடோஸின் துளித் துளியாக ஏறும். மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பியின் சத்து கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்கிறது என்று இங்கிலாந்தில் ஹென்றி டேல் 1906-ல் கண்டார். அதிலுள்ள ஆக்ஸிடோஸினை 1953-ல் அமெரிக்காவில் டு விக்னோ என்பவர் ரசாயன சாலையிலேயே செய்து காட்டினார். 1955-ல் நோபல் பரிசும் பெற்றார். துளிகளைச் சிறுகச் சிறுகக் கூட்டி, சிசுவின் இருதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைப்பிரசவமானால் ஒரு பகலும் இரவும் ஆகலாம். இரண்டு நாளும் ஆவதுண்டு. வராந்தாவில் நிற்கும் பந்துக்கள், "இன்னுமா ஆகவில்லை?" என்று கால் மணிக்கொரு தரம் கேட்பதால் மருந்து வேகமாக வேலை செய்யப் போவதில்லை. சில சமயம் எத்தனை முயன்றும் பலிக்காமல் சிசேரியன் செய்ய நேரும். அது அவள் குற்றமன்று.

வலி சீக்கிரம் வரட்டுமென்று வீட்டில் விளக்கெண்ணெய் புகட்ட வேண்டாம். பேதியும் வாந்தியும் கண்டு, வேண்டிய பலத்தை வேண்டாத வேளையில் இழப்பாள். முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். சில மருந்துகளை அவர்களுக்குக் கொடுக்கலாகாது. புறப்படுமுன் என்ன சாப்பிடலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைக் காகிதங்கள், பழைய மெல்லிய துணிகள், கைக்காசு, இரவு விழிக்கக்கூடிய துணை ஒருத்தி (அதிகம் பேசாதவளாயின் உத்தமம்), இவ்வளவு போதும். மூத்த குழந்தை இருந்தால் இரண்டு இரவுக்கு அதை யார் வைத்துக்கொள்வது என்பதையும் முன்னதாகவே பேசிவிடுங்கள்.

முக்கியமானது வேறொன்று. குறித்த நாளுக்கு முன்பே நீர்க்குடம் உடைந்தாலும், உதிரம் கண்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், தாங்காத தலைவலியோ கண் மங்கலோ ஏற்பட்டாலும், "வியாழன்தானே சொன்னார்கள்!" என்று காத்திருக்கலாகாது. அர்த்தராத்திரியானாலும் வண்டியைக் கூப்பிடுங்கள்.