இளைப்புக்குக் காளான் பொடியா? கொஞ்சம் நில்லுங்க!

ரொம்ப நாளா மனசுல இருந்ததை இன்னிக்கு எழுதிடுறேன். சிலருக்குக் கோவம் வரும், வரட்டும்.

என் மைத்துனனுக்குச் சின்ன வயசுலேருந்து இளைப்பு. டாக்டர் குடுத்த இன்ஹேலரை ஒழுங்கா இழுத்துக்கிட்டு வயல் வேலை பார்த்துக்கிட்டிருந்தான். போன ஐப்பசியில தெரிஞ்சவர் ஒருத்தர் வந்து ரெண்டு டப்பா கானோடெர்மா பொடி வித்துட்டுப் போனார். விலை 3,800 ரூபா. "நுரையீரலையே கழுவிடும், இன்ஹேலரைத் தூக்கிப் போடு"ன்னு சொன்னாராம். இவனும் போட்டுட்டான். தை அறுவடைத் தூசியில ஒரு ராத்திரி மூச்சு நின்னுபோற மாதிரி ஆகி, கார் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆக்சிஜன் வச்சு, மருந்தைப் புகையாக் குடுத்த பிறகுதான் வாய் திறந்து "அத்தான்"னு கூப்பிட்டான்.

கானோடெர்மா நமக்குப் புதுசு இல்லைங்க. தென்னை மரத்தடியில பழுப்பா, தட்டு மாதிரி, மரக்கட்டை போல ஒரு காளான் முளைக்குமே, அந்த இனம்தான். தண்டோட அடியில செந்நீர் வடிஞ்சு மரம் பட்டுப்போற தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணமும் அதே இனம்தான். அதைத் தடுக்க மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு வைக்கிறோம். அந்த இனத்தையே பொடியாக்கிக் காசு குடுத்து வாங்கிக் குடிக்கிறோம்!

சீனாவுலயும் ஜப்பான்லயும் இதைப் பல நூறு வருஷமா மருந்தாப் பயன்படுத்துறாங்க, அதை நான் மறுக்கல. எதிர்ப்புச் சக்தி சம்பந்தமா எலியிலயும் சோதனைக் குழாயிலயும் ஆராய்ச்சியும் நடந்திருக்கு. ஆனா எலிக்கு நடந்தது மனுஷனுக்கு நடக்கும்னு அர்த்தம் இல்ல. இன்ஹேலருக்குப் பதிலா இந்தப் பொடி போதும்னு நிரூபணம் எங்க இருக்கு? விக்கிறவங்களைக் கேட்டா இன்னொருத்தர் குணமான கதையத்தான் சொல்றாங்க.

நானும் காளான் வளர்க்கிறவன்தான். கொட்டகையில சிப்பிக் காளான் படுக்கை போட்டிருக்கேன். பறிக்க ஒரு நாள் தாமதமானா வெள்ளைப் பொடியா வித்து பறக்கும். முகத்துல துணி கட்டாம உள்ள போனா எனக்கே இருமல் வரும். அந்த வித்தை நாள்பட சுவாசிச்சா நுரையீரலே வீங்கும். காளான் வளர்க்கிறவங்களுக்கு வர்ற நோய் இது, டாக்டருங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். காளான்னாலே மூச்சுக்கு நல்லதுன்னு சொல்றவங்க என் கொட்டகையில ஒரு வாரம் வேலை பார்க்கட்டும்.

காளான் நல்ல சாப்பாடு. மிளகு போட்டு வறுத்துச் சாப்பிடுங்க, நான் வேணாங்கல. இளைப்பு குறையணும்னா விறகடுப்புப் புகையக் குறைங்க, நெல்லு தூத்தும்போதும் மருந்தடிக்கும்போதும் மூக்கைக் கட்டுங்க, பீடிய விடுங்க. இதுக்கெல்லாம் டப்பா வாங்க வேண்டாம். அதனாலதான் யாரும் வீடு தேடி வந்து சொல்றதில்ல.

பொடி சாப்பிட்டே ஆகணும்னு நினைக்கிறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, முக்கியமா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க. ஆனா இன்ஹேலரை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. என் மைத்துனன் பிழைச்சது கார் கிடைச்சதால. எல்லா ராத்திரியும் கார் கிடைக்காதுங்க.