பவிசுக்கா, பிழைப்புக்கா?

"தொழிலாளிக்கு எதற்கய்யா கார்?" என்று கேட்கிறார்கள் கனவான்கள். அவர்கள் வீட்டு வாசலில் ஒன்றுக்கு இரண்டாக நிற்கும், அது தேவையாம்! ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் அந்தக் காருக்குத் திருகாணி முடுக்குகிற தோழன் பழைய கார் ஒன்று வாங்க நினைத்தால், அது ஆடம்பரமாம்!

ஆலை இருக்கும் இடத்தில் அவன் குடியிருக்க முடிகிறதா? வாடகை விடுகிறதா? ஆகவே அவன் வீடு உத்திரமேரூர்ப் பக்கம் இருக்கிறது, அரக்கோணம் பக்கம் இருக்கிறது. இரவு ஷிப்டு முடிந்து, தூக்கம் கண்ணை இழுக்க, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டு சக்கரத்தில் ஐம்பது கிலோமீட்டர் போய்ச் சேருகிறான். மழைக்காலத்தில் அந்தச் சாலையில் போனவனுக்குத் தெரியும், நான்கு சக்கரமும் ஒரு கூரையும் ஆடம்பரமா, உயிர்க்காப்பா என்று. கம்பெனி பஸ் வாசலுக்கு வருமானால் அதில் போவதே நலம். வராதவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கார்க் கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் கேட்கும் முதல் கேள்வி என்ன? "மாதம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" கவனியுங்கள் தோழர்களே, எவ்வளவு தூரம் ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்பதில்லை. நாம் கேட்போம். போக 50, வர 50. மாதம் 25 நாள். 2,500 கிலோமீட்டர். ஆண்டுக்கு 30,000. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கார் எடுப்பவர் பல ஆண்டுகளில் ஓட்டுவதை நம் தோழன் ஓராண்டில் ஓட்டுகிறான். அவருக்கு ஏற்ற கார் இவனுக்கு ஏற்காது.

பெட்ரோல் லிட்டர் ரூ.100 என்று வைத்துக் கொள்வோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் சிறிய கார் மாதம் ஏறக்குறைய ரூ.13,900 குடிக்கும். உயரமாக, கம்பீரமாக, 12 கிலோமீட்டர் மட்டுமே தரும் வண்டியானால் ரூ.20,800! ஆண்டுக்கு எண்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம். அந்தக் கம்பீரத்தை யார் பார்க்கிறார்கள்? ஆலை வாசலில் வாட்ச்மேன் பார்க்கிறார். அவர் பார்ப்பதற்கா எண்பதாயிரம்? விளம்பரத்தில் போடுகிற மைலேஜை நம்பிவிடாதீர்கள். அது சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த கணக்கு. அதே வண்டியை அதே சாலையில் ஓட்டுகிற இன்னொரு தோழரைக் கேளுங்கள்.

தவணைக்கு வருவோம். ஆறு லட்சம் கடன், வட்டி 9.5 விழுக்காடு. ஐந்தாண்டுத் தவணை மாதம் ரூ.12,600, ஏழாண்டானால் ரூ.9,800. "பார்த்தீர்களா, எவ்வளவு குறைவு!" என்பார்கள். கூட்டிப் பாருங்கள். ஐந்தாண்டில் வட்டி ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம்; ஏழாண்டில் இரண்டு லட்சத்து இருபத்து நாலாயிரம். அதற்குள் வண்டி இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். தேய்ந்த வண்டிக்குத் தேயாத தவணை! வாரண்டியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முந்துமோ அது என்று எழுதியிருக்கும். இரண்டாண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்றிருந்தால் நம் தோழனுக்கு அது பதினாறு மாதம்தான். ஆகவே ஆண்டைப் பார்க்காதீர், கிலோமீட்டரைப் பாரும்.

எந்த எரிபொருள்? டீசல் பக்கம் இன்று போக வேண்டியதில்லை. 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததோடு அதன் பழைய சலுகை போயிற்று. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்ததும் சிறிய டீசல் கார்கள் பெரும்பாலும் கடையை விட்டே போயின. சி.என்.ஜி. கிலோ ரூ.90 என்றும், கிலோவுக்கு 25 கிலோமீட்டர் என்றும் கொண்டால் மாதம் ரூ.9,000. பெட்ரோலைவிட ஐயாயிரம் மிச்சம். ஆனால் போகும் வழியில் பங்க் இருக்கிறதா, ஷிப்டு விடும் நேரத்தில் வரிசை எவ்வளவு நீளம் என்று ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். உருளையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துச் சான்று பெற வேண்டும். தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்ததாகவும் இருக்க வேண்டும். சந்துக் கடையில் மாட்டிய கிட்டுக்கு உயிரை ஒப்படைக்காதீர்கள்.

மின்சாரக் காரைப் பணக்காரர் பொம்மை என்று தள்ளிவிடக் கூடாது. சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து மாதம் 350 யூனிட், யூனிட் ரூ.10 என்று தாராளமாகவே வைத்தாலும் ரூ.3,500தான். பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் மிச்சம். விலையில் மூன்று லட்சம் கூடுதல் கொடுத்தாலும் இரண்டரை ஆண்டில் சரியாகிவிடும். தினம் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவனுக்குத்தான் இந்தக் கணக்கு கைகொடுக்கும். பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு அல்ல. ஆனால் வாடகை வீட்டில், மாடியில் குடியிருப்பவன் கம்பியை எங்கே இழுப்பான்? வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? சொந்த வீடும் சொந்த மீட்டரும் உள்ளவர் யோசிக்கலாம். மற்றவர்க்கு இன்றைக்கு சிறிய பெட்ரோல் காரோ சி.என்.ஜி. காரோதான் என்பது நம் கருத்து.

இனி, எந்தக் கம்பெனி? அம்பாசிடர் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடி 2014இல் உத்தர்பாராவில் நின்றது. அதில் ஆயிரம் குறை உண்டு. ஆனால் எந்த ஊரில் நின்றாலும் அந்த ஊர் மெக்கானிக் அதைக் கிளப்பிவிடுவார். ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று 2009இல் முழக்கத்தோடு வந்த நானோவோ பத்தாண்டு நிறைவதற்குள் ஓய்ந்தது. 2017இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. 2021இல் ஃபோர்டு, மறைமலை நகர் ஆலையை மூடப் போவதாக அறிவித்தது. உழைத்த தோழர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த வண்டிகளை வாங்கியவர்கள் நாளைக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்று கவலைப்பட்டார்கள். ஆகவே உங்கள் ஊர்க் கடையில் பிரேக் பேடும் கிளட்ச் தட்டும் அன்றே கிடைக்கிற வண்டியை வாங்குங்கள். வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று.

புதுக் காருக்குக் கையில் காசில்லையா? மூன்று முதல் ஐந்தாண்டு ஓடிய வண்டி போதும். வாங்குமுன் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முடுக்கியதும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, திரும்பி வந்துவிடுங்கள். மீட்டரில் 40,000 காட்டி, கால்மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. சர்வீஸ் சீட்டுகளை வரிசையாகக் கேளுங்கள். சென்னை 2015லும் 2023லும் வெள்ளத்தில் முழுகிய நகரம். எனவே சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கழுவிய வண்டியிலும் அங்கே சேறு ஒளிந்திருக்கும்.

உயிர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் இந்தியச் சிறு கார்கள் ஐந்தும், பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. ஓட்டுநருக்குக் காற்றுப்பை 2019 ஜூலையில்தான் கட்டாயமாயிற்று. பக்கத்து இருக்கைக்கு 2022 ஜனவரியில். முடிந்தால் அதற்குப் பின் வந்த வண்டியாகப் பாருங்கள்.

பழைய வண்டிக்காரருக்கு இன்னொரு சுமையும் உண்டு. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள். பழைய வடிவமைப்பில் செய்த கார்களுக்கு மைலேஜ் 6, 7 விழுக்காடு குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. நம் தோழனுக்கு அது மாதம் எண்ணூறு ரூபாய்க்கு மேல். கலந்தவர்கள் அந்த அளவுக்கு விலையைக் குறைத்தார்களா? சுங்கச்சாவடிக் கதையும் அப்படித்தான். 2025 ஆகஸ்ட் 15 அன்று ஆண்டுப் பாஸ் என்று தொடங்கினார்கள், ரூ.3,000 கட்டினால் ஓராண்டு அல்லது 200 பயணம். தினம் இருமுறை சாவடியைக் கடக்கிறவனுக்கு ஆண்டு என்பது நான்கு மாதம்! சாவடிக்கு 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள் உள்ளூர் மாதப் பாஸைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

ஒரே தெரு, ஒரே ஷிப்டுத் தோழர்கள் நால்வர் ஒரு காரில் போனால் பெட்ரோல் ஆளுக்கு ரூ.3,475. தனித்தனியே பைக்கில் போனால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தாலும், ரூ.5,000. தோழர்கள் செலவைப் பங்கிட்டுக் கொள்வது வேறு, ஆள் ஏற்றிக் கூலி வாங்குவது வேறு. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டினால் பர்மிட் குற்றம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும்.

இந்தக் கணக்கைத் தோழர்கள் வீட்டோடு வைத்துக் கொள்ள வேண்டாம். ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கும் ஆலைக்கும் உள்ள தூரத்தையும், மாத எரிபொருள் செலவையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுக்கட்டும். பஸ் வராத ஊர்களின் பெயரும், பஸ் இல்லாத ஷிப்டுகளின் நேரமும் அதில் இருக்கட்டும். அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில், கோரிக்கைப் பட்டியலின் முதல் பக்கத்தோடு அந்தத் தாள்களையும் சேர்த்து நிர்வாகத்தின் மேசைமேல் வைக்க வேண்டும்.